றொபேட் நொக்ஸ்: சருகுமானுக்குப் பெயர் தேடித் தந்த கைதி

1681 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் இலங்கைத் தீவைப் பற்றிய நூலொன்று வெளியாயிற்று. அதனை எழுதியவர் அரசாங்கத் தூதுவரல்லர், மதகுருவுமல்லர், கற்றறிந்த விஞ்ஞானியுமல்லர். கண்டி அரசனின் கைதியாக ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்து, காட்டு வழியே தப்பி வந்த ஒரு மாலுமி. றொபேட் நொக்ஸ் என்னும் அவருடைய பெயரை இலங்கையிற் பாடசாலைக்குச் சென்ற எவரும் சரித்திர நூலில் ஒருமுறையேனும் படித்திருப்பர். ஆனால் அந்நூலில் முயலளவேயான ஒரு சின்னஞ்சிறு விலங்கைப் பற்றி அவர் எழுதிவைத்த சில வரிகள் பெரிதும் பேசப்படுவதில்லை. அவ்வரிகளில் அவர் பதித்த ஒரு சொல், இன்று விலங்கியல் நூல்களில் இடம்பெற்றுள்ளது.

அந்த விலங்கு சருகுமான். வன்னிப் புறத்தில் இதனை உக்குளான் என்றும் வழங்குவர். சிங்கள மக்கள் மீமின்னா என்பர். பிறந்த மண்ணை விட்டு அயல்நாட்டிற் காலந்தள்ளிய ஒருவர், தம்மைச் சூழ்ந்திருந்த மண்ணை எவ்வாறு உற்று நோக்கினார் என்பதற்கு இச்சொல்லே சான்று. அவருடைய வாழ்வை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

கொட்டியாரக் குடாவில்

நொக்ஸ் 1641 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இலண்டனில் பிறந்தவர். தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. தந்தையார் கப்பற் தலைவர். ஆகவே மகனும் பதினான்காவது வயதிலேயே தந்தையின் 'ஆன்' என்னும் கப்பலிற் கடலோடத் தொடங்கினார். இரண்டாம் முறையாக 1658 இல் தந்தையும் மகனும் கீழைநாடுகளை நோக்கிப் பயணமாயினர். 1659 நவம்பரில் எழுந்த பெரும்புயலிற் கப்பலின் பாய்மரத்தை வெட்டி வீழ்த்த நேர்ந்தது. அதனைச் செப்பனிடவும் சிறிது வணிகஞ் செய்யவும் கப்பல் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது.

அக்காலத்திற் கண்டி இராச்சியத்தை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். போர்த்துக்கீசரை விரட்டுவதற்காக ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்து, கரையோரத்தை ஒல்லாந்தரிடமே பறிகொடுத்தவன் அவன். 1656 இல் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. வெள்ளையர் எவர் கரையேறினும் அவர்களை ஐயத்தோடு நோக்குவதற்கு அவனுக்குக் காரணமிருந்தது. 1660 ஏப்ரலில் கப்பற் தலைவரும் மகனும் ஏனைய மாலுமிகளுமாகப் பதினாறு பேர் அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். நொக்ஸ் பிடிபட்ட இடமென ஒரு புளியமரத்தை மூதூர் மக்கள் நெடுங்காலம் சுட்டிக்காட்டி வந்தனர்.

பிடிபட்ட தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு செயல் நொக்ஸின் இயல்பைக் காட்டுகின்றது. கப்பலை ஆற்றினுள் கொண்டுவரச் சொல்லும்படி மகனையே தூதாகக் கப்பலுக்கு அனுப்பினர். தந்தையோ கரையிற் பணயமாக இருந்தார். கப்பலில் ஏறிய பத்தொன்பது வயது இளைஞர் அங்கேயே தங்கியிருந்தால் விடுதலை பெற்றிருப்பார். எஞ்சிய மாலுமிகள் கப்பலைக் கொண்டுவர மறுத்தனர். நொக்ஸ் அவர்களுக்கு நிலைமையைக் கூறி எச்சரித்துவிட்டு, திரும்பி வருவதாகக் கொடுத்த வாக்கைக் காக்கத் தந்தையிடமே மீண்டார். கப்பல் பின்னர் போய்விட்டது.

தந்தையின் மரணம்

கைதிகளைச் சிறையில் அடைக்கும் வழக்கம் அங்கு இருக்கவில்லை. ஊருக்கு ஒருவர் இருவராகப் பிரித்து வைத்து, அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பை ஊரவரிடமே ஒப்படைத்தனர். நொக்ஸும் தந்தையும் இன்றைய குருநாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தையில் வைக்கப்பட்டனர். அங்கு காய்ச்சல் இருவரையும் வாட்டியது. பல மாதம் நோயிற் கிடந்த தந்தையார் 1661 பெப்ரவரியில் உயிர் நீத்தார். பிணத்தைக் கயிற்றாற் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லலாம் என ஊரார் கூறினர். மகன் அதற்கு இணங்கவில்லை. தாமே நோயால் நடக்கவும் வலுவற்றிருந்த அவர், கூலிக்கு ஆள் பிடித்துத் தந்தையை மண்ணில் அடக்கஞ் செய்தார். அந்நிய நாட்டில் உறவினர் எவருமின்றிப் பெற்றவரைப் புதைத்த அத்துயரம், நூலில் அவர் விரித்துரைத்த பகுதிகளுள் ஒன்று.

பின்னர் ஒருநாள் முதியவர் ஒருவர் அவருக்கு ஒரு நூலைக் காட்டினார். அது ஆங்கில வேதாகமம். தாம் பின்னிய நூற்றொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதனைப் பெற்றுக்கொண்டார். ஆங்கில எழுத்தைக் காணாது வாடியிருந்தவருக்கு அதுவே பெருந்துணையாயிற்று.

வாழ்வுக்கு வழி

இக்கட்டத்திலிருந்து அவருடைய வாழ்வு, வந்தேறிய நாட்டில் வெறுங்கையோடு தொடங்கும் எவருக்கும் பழக்கமானதாகத் தோன்றும். தொப்பி பின்னி விற்றார். கோழியும் பன்றியும் வளர்த்தார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். சிங்கள மொழியைச் செம்மையாகப் பேசக் கற்றார். கண்டிக்கு அணித்தான எலதெத்தை என்னும் இடத்திற் காணி வாங்கி வீடும் கட்டினார். அவரோடு பிடிபட்டவர்கள் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து குடும்பமாயினர். நொக்ஸ் மணஞ் செய்யவில்லை. மனைவி மக்கள் ஏற்பட்டுவிட்டால் தப்பிச் செல்லும் எண்ணம் தளர்ந்துவிடும் என அஞ்சினார்.

பின்னர் ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழரோடு சேர்ந்து சில்லறைப் பொருள்களைச் சுமந்து ஊரூராக விற்கத் தொடங்கினார். இத்தொழிலுக்கு இரு நோக்கங்கள் இருந்தன. ஒன்று வயிற்றுப்பாடு. மற்றையது வடக்கே செல்லும் வழிகளை அறிவது. எந்தக் காட்டில் நீர் உண்டு, எங்கே காவல் உண்டு, எவ்வூரார் எதனை விலைக்குக் கொள்வர் என்பனவற்றையெல்லாம் அவர் ஆண்டுக்கணக்காக மனத்திற் பதித்துக்கொண்டார். அவ்வாறு திரிந்த காலத்தில் மனிதரையும் பயிரையும் மரத்தையும் மிருகத்தையும் அவர் கண்கள் விட்டுவைக்கவில்லை.

கண்ட மான்கள்

தீவின் காடுகளில் மான்கள் மிகுந்திருப்பதைப் பற்றி அவர் எழுதுகையில், அவற்றின் பருமனில் உள்ள வேறுபாட்டை முதலிற் குறிப்பிடுகின்றார். ஒருபுறம் மாட்டளவு பெரியவை. இவை மரைகள் என நாம் எளிதில் உணரலாம். மறுபுறம் முயலளவு சிறியது ஒன்று. அளவிலே முயலாயினும் உறுப்புகள் அனைத்திலும் மானைப் போன்றதென்றும், சாம்பல் நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டதென்றும், இறைச்சி நன்றாக இருக்குமென்றும் கூறி, அதன் பெயர் மீமின்னா என எழுதினார்.

இவ்வளவே அவர் தந்த விவரம். ஆயினும் இன்றும் ஒருவர் காட்டிற் சருகுமானைக் கண்டால், இவ்விவரத்தைக் கொண்டே அதனை இனங்காண முடியும். தமது நாட்டு விலங்கொன்றின் பெயரை அதற்குச் சூட்டாமல், அங்குள்ள மக்கள் வழங்கிய பெயரையே கேட்டு எழுதினார் என்பதும் கவனிக்கத்தக்கது. அரசனின் விலங்குகளிடையே வைக்கப்பட்டிருந்த காட்டுமாடு ஒன்றையும் அவர் இவ்வாறே விவரித்தார். முதுகின் உயர்ந்த விளிம்பையும் வெண்ணிறக் கால்களையும் குறித்ததோடு, தாம் ஒன்றை மட்டுமே கண்டதாகவும் நேர்மையுடன் தெரிவித்தார். இலங்கையிலிருந்து பின்னர் முற்றாக அழிந்துபோன அம்மாட்டினம் அங்கு ஒருகாலத்தில் வாழ்ந்ததற்கு அவருடைய எழுத்து முக்கிய சான்றாக இன்று எடுத்தாளப்படுகின்றது.

அருவியாற்று வழியே

வறட்சி காரணமாக வடபகுதிப் பயணங்கள் பலமுறை தடைப்பட்டன. ஈற்றில் 1679 செப்டெம்பரில் நொக்ஸும் றட்லண்டும் வணிகப் பொதியோடு புறப்பட்டனர். வழியில் அதிகாரி ஒருவன் விசாரித்தபோது, உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாகக் கூறினர். மழையில்லாக் காலமாதலால் மான் பிடிபடவில்லை என்று அவன் சொன்ன மறுமொழி, மேலும் சில நாள் தங்குவதற்கு அவர்களுக்கு நல்ல சாட்டாயிற்று. காட்டு வழிக்கென அவர்கள் கொண்டு சென்ற பொருள்களுள் அரிசி, கோடரி, கூடாரமாக விரிக்கத் தாளிப்பனை ஓலை, முள் தைக்காமற் காலணி செய்து கொள்ள மான்தோல் என்பன இருந்தன.

அனுராதபுரத்தைத் தாண்டியதும் அவர்கள் பாதையை விட்டு ஆற்றைப் பற்றிக்கொண்டனர். சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்றும் நம்மவர் அருவியாறு என்றும் அழைக்கும் ஆறே அது. பகலிற் காட்டினூடே நடந்தும், மனிதரைக் கண்டால் மரப்பொந்துகளில் ஒளிந்தும், இரவில் யானைக்கு அஞ்சித் தீ மூட்டியும் சென்றனர். விரைவில் தமிழர் வாழும் வன்னி நிலத்தை அடைந்தனர். நொக்ஸ் தமது நூலிற் சேர்த்த வரைபடத்தில் வன்னிச் சிற்றரசனின் நாடு கண்டி மன்னனின் நாட்டிலிருந்து வேறாகக் குறிக்கப்பட்டுள்ளது. அங்கு சந்தித்த இரு பிராமணருள் ஒருவர் சிறிது தூரம் அவர்களுக்கு வழிகாட்டிச் சென்றார். 1679 ஒக்டோபரில் இருவரும் மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். பிடிபட்டுப் பத்தொன்பதரை ஆண்டுகளின் பின் அவர்கள் கண்ட விடுதலை அது.

கையெழுத்துப் பிரதி நூலாகியது

ஒல்லாந்தர் அவர்களை அன்போடு வரவேற்று மன்னார், கொழும்பு வழியாகப் பத்தாவியாவுக்கு அனுப்பினர். நொக்ஸ் நாடு திரும்பும் கடற்பயணத்திலேயே தாம் கண்டவற்றை எழுதத் தொடங்கினார். கையில் குறிப்பேடு எதுவும் இல்லாது நினைவை மட்டுமே நம்பி எழுதினார். 1680 செப்டெம்பரில் இலண்டனை அடைந்தார்.

அவருடைய உறவினரான ஜோன் ஸ்ட்ரைப் என்னும் குரு எழுத்தை ஒழுங்கு செய்ய உதவினார். நுணுக்குக்காட்டியின் மூலம் சிற்றுயிர்களை ஆராய்ந்து புகழ்பெற்றிருந்த றொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி இதில் ஆர்வங்கொண்டு, பதிப்புக்கு உதவியதோடு முன்னுரையும் எழுதினார். நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது. நாடும் விளைபொருளும் முதற்பகுதி. அரசனும் ஆட்சியும் இரண்டாவது. மக்களின் வழக்கங்கள் மூன்றாவது. ஆசிரியர் பட்ட அனுபவம் இறுதிப் பகுதி. தம் துன்பத்தை முன்னே வைக்காமல் நாட்டை முன்னே வைத்த இவ்வொழுங்கே நூலுக்கு நிலைபேற்றைத் தந்தது. சில ஆண்டுகளுக்குள் அது ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளில் வெளிவந்தது. டானியல் டீபோ 1719 இல் வெளியிட்ட றொபின்சன் குரூசோ கதைக்கு நொக்ஸின் நூலும் ஒரு தூண்டுதல் என ஆய்வாளர் பலர் கருதுவர்.

ஒரு கறை

நொக்ஸின் பிற்கால வாழ்வைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. அவர் கிழக்கிந்தியக் கம்பனியில் கப்பற் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். மடகாஸ்கர் தீவில் அடிமைகளை வாங்கிச் சென் ஹெலெனாத் தீவுக்குக் கொண்டு செல்லும் தொழிலும் அப்பணியில் அடங்கியிருந்தது. விரும்பாத நாட்டில் இருபது ஆண்டுகள் பிடித்து வைக்கப்படுவதன் கொடுமையை அவரளவு அறிந்தவர் சிலரே. அவ்வாறிருந்தும், பிற மனிதரை அவர்தம் மண்ணிலிருந்து பிடுங்கி விற்பதில் அவர் பங்கெடுத்தார். பட்ட துன்பம் மனிதனைத் தானாகவே நல்லவனாக்கிவிடுவதில்லை. அத்துன்பத்திலிருந்து பிறரின் துன்பத்தை உணரக் கற்றுக்கொண்டால் மட்டுமே அது பயன்தரும். நம்முன் உள்ள சான்றுகளுள் நொக்ஸின் வாழ்வும் ஒன்று.

அவர் 1720 ஜூன் மாதம் மணமாகாதவராகவே இறந்தார். அவருடைய உடல் விம்பிள்டனில் அடக்கஞ் செய்யப்பட்டது. நூலின் இரண்டாம் பதிப்புக்கென எழுதிவந்த சேர்க்கைகளும் தன்வரலாறும் நெடுங்காலம் நூலகத்தில் உறங்கின. 1911 இல் ஜேம்ஸ் றயன் அவற்றைப் பதிப்பித்தார்.

ஊர்ப்பெயர் உலகப் பெயராகியது

நொக்ஸ் இறந்து முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின், 1758 இல், சுவீடன் நாட்டு லின்னேயஸ் தமது நூலின் பத்தாம் பதிப்பிலே விலங்குகள் அனைத்துக்கும் இரு சொற்களாலான இலத்தீன் பெயரிடும் முறையை நிலைநாட்டினார். அவ்வாண்டுக்கு முற்பட்ட பெயர்கள் சாத்திர முறைப்படி கணக்கில் எடுக்கப்படா. ஆகவே நொக்ஸின் விவரம் எத்துணை தெளிவாயினும், சட்டப்படி அவர் பெயரிட்டவராகார். 1777 இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரைச் சேர்ந்த எர்க்ஸ்லெபன் என்னும் பேராசிரியர் சருகுமானுக்கு 'மொஸ்கஸ் மெமின்னா' எனப் பெயரிட்டார். நொக்ஸ் எழுதிய அதே எழுத்துக்கூட்டலில் அச்சிங்களச் சொல் இலத்தீன் பெயரின் பகுதியாயிற்று. அவ்வாண்டிலேயே எர்க்ஸ்லெபன் முப்பத்துமூன்று வயதில் இறந்தார்.

'மொஸ்கஸ்' என்பது கஸ்தூரி மானின் பேரினப் பெயர். இரண்டுக்கும் கொம்பில்லை, ஆணுக்கு மேற்றாடையில் நீண்ட கோரைப்பற்கள் உண்டு. ஆதலால் இரண்டையும் ஓரினமாகக் கொண்டனர். உடலுறுப்புகளை ஆராய்ந்த பிற்காலத்தவர் இதனைத் திருத்தினர். உண்மை மான்களுக்கு இரைப்பை நான்கு அறைகளை உடையது, சருகுமானுக்கு மூன்றே. அசைபோடும் விலங்குகளில் இன்று உயிரோடுள்ளவற்றுள் மிகப் பழைய கிளை இக்குடும்பமே. ஆகவே மான் என நாம் அழைப்பினும் சாத்திர முறைப்படி இது மானன்று. இதன் எடை ஏறக்குறைய மூன்று கிலோகிராம். தோள் உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. இரவில் தனித்து மேயும். பகலிற் சருகுகளிடையேயும் மரப்பொந்துகளிலும் அசையாது ஒடுங்கும். உடம்பிலுள்ள வெண்புள்ளிகளும் கோடுகளும் இலைகளினூடே விழும் ஒளியோடு கலந்துவிடுவதால், அருகிற் சென்றாலும் கண்ணுக்குப் புலப்படாது.

இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளவை ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2005 இல் அவுஸ்திரேலியப் பேராசிரியர் கொலின் குரோவ்ஸ், எரிக் மைஜார்ட் என்பவரோடு சேர்ந்து, நூதனசாலைகளிற் பாதுகாக்கப்பட்டிருந்த தோல்களையும் மண்டையோடுகளையும் ஒப்பிட்டார். நிறம், கோடுகளின் அமைப்பு, எலும்பின் அளவு ஆகியன இடத்துக்கு இடம் ஒழுங்காக வேறுபடுவதை இருவரும் கண்டனர். மேற்குத் தொடர்ச்சி மலை முதலான இந்தியக் காடுகளில் வாழ்வது தனியினம். அதற்கு 1852 இலேயே கிரே என்பவர் 'இந்திக்கா' எனப் பெயரிட்டிருந்தார். இலங்கையின் உலர்வலயத்தில் வாழ்வது 'மெமின்னா' என்னும் பழைய பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. தென்மேற்கு ஈரவலயத்தில் வாழும், உருவிற் சிறிய, மஞ்சள் தோய்ந்த பழுப்பு நிறமுடையது புதிய இனமென அறிவிக்கப்பட்டது. ஈரநிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் 'கதிகிரே' எனப் பெயர் சூட்டினர். மலைநாட்டில் மேலும் ஓரினம் இருக்கக்கூடும் என்னும் ஐயமும் அவ்வாய்வில் எழுந்தது.

நொக்ஸ் கண்டது இவற்றுள் எது? குருநாகல் ஊரிலும் கண்டி மலையிலும் வன்னிக் காட்டிலும் அவர் நடமாடினார். உயிர் ஒன்றையே காத்துக்கொண்டு ஓடிவந்தவர் தோலையோ எலும்பையோ கொண்டுவரவில்லை. ஆகவே விடை கிடையாது. ஓர் இனத்துக்குப் பெயரிடும்போது மாதிரி உடலொன்றைப் பாதுகாத்து வைக்கவேண்டும் என விஞ்ஞானிகள் வற்புறுத்துவதன் காரணம் இதனால் விளங்கும். சொல் வழிகாட்டும், தீர்ப்புச் சொல்ல உடல் வேண்டும்.

உலகில் இத்தேடல் ஓயவில்லை. 1994 இல் வியட்நாமிற் பெரிய கேளையாடும், 1999 இல் பர்மாவில் மிகச் சிறிய கேளையாடும், 2024 இல் பெரு நாட்டில் பூடு என்னும் சிறுமானின் ஓரினமும் புதியனவாக அறிவிக்கப்பட்டன. அழிந்துவிட்டதோ என அஞ்சப்பட்ட வெள்ளி முதுகுச் சருகுமான் வியட்நாமில் உயிரோடிருக்கும் செய்தி 2019 இல் வெளிவந்தது. ஆய்வாளர் முதலில் ஊர்மக்களையும் காவலரையும் விசாரித்து, அவர்கள் கூறிய அடையாளங்களைப் பின்பற்றியே நிழற்படக் கருவிகளை அமைத்தனர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நொக்ஸ் செய்ததும் இதுவே: காட்டோடு வாழ்பவன் சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்டல்.

மொன்றியலில் வளரும் நம் பிள்ளைகள் கியூபெக் காடுகளின் வெண்வால் மானை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பெயர் சொல்லி அழைக்கின்றனர். அது நன்றே. வாழும் மண்ணை அறிதல் கடமை. அதனோடு, விட்டுவந்த மண்ணின் மரையையும் புள்ளிமானையும் உக்குளானையும் தமிழிற் பெயர் சொல்லி அறிமுகஞ் செய்வது பெற்றோர் கையில் உள்ளது. ஏட்டில் ஏறாத பெயர் ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும். ஏறிய பெயரோ, கைதி ஒருவன் எழுதியதாயினும், நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும்.